நியூயார்க்குக்குக் கருப்பு வெள்ளை அடித்தது யார்?

மொபைலில் எடுத்த ஒரு கடைத்தெருப் படத்தை ‘மோனோ’ ஃபில்டரில் போட்டு, “ஐம்பதுகளோட நியூயார்க் மாதிரி வந்திருக்கு பாருங்க” என்று நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பதுகளின் நியூயார்க் மாதிரி இல்லை. ஏன் இல்லை என்று வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்து, விரல் வலித்ததால் இங்கே கட்டுரையாக எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நியூயார்க் தெருப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்கள் தவறாமல் காதில் விழும். அந்தக் காலத்தில் கலர் பிலிமே கிடையாது, அதனால்தான் கருப்பு வெள்ளை என்பார் ஒருவர். இல்லை, ஒரு சோகமான ‘ஃபீல்’ வேண்டுமென்றே அப்படி எடுத்தார்கள் என்பார் இன்னொருவர். கேமராவோடு தெருவில் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அதிர்ஷ்டத்தில் படம் மாட்டும், டக்கென்று அமுக்க வேண்டியதுதான் என்பார் மூன்றாமவர். முதலாவது முழுத் தப்பு. மற்ற இரண்டும் முக்கால் தப்பு.

எந்தத் தெரு, எந்தக் காலம்

பொது இடத்தில், யாரையும் ‘இப்படி நில்லுங்க’ என்று சொல்லாமல், அதுபாட்டுக்கு நடப்பதைப் படமெடுப்பதுதான் ஸ்ட்ரீட் போட்டோகிராபி. பெயரில் தெரு இருந்தாலும் ரயில் பெட்டி, மலிவு ஓட்டல், கடற்கரை எல்லாம் இதில் சேர்த்தி.

நாம் பார்க்கப்போவது சுமார் 1940 முதல் 1965 வரையிலான அமெரிக்க நகரங்களை. பெரும்பாலும் நியூயார்க், கொஞ்சம் சிகாகோ. அந்தத் தெருக்கள் அப்படி நிரம்பி வழிந்ததற்கே காரணம் உண்டு. ஏழைக் குடியிருப்புகளில் ஏசி கிடையாது. கோடை வந்தால் வாசற்படியிலும், தீப்பிடித்தால் இறங்குவதற்காக வெளிச்சுவரில் மாட்டியிருந்த இரும்புப் படிகளிலும்தான் பாதிக் குடித்தனம் நடந்தது. 1950-இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூட டிவி இல்லை. 1960-இல் பத்தில் சுமார் ஒன்பது வீடுகளில் வந்துவிட்டது. நியூயார்க் புகைப்படக்காரர் ஹெலன் லெவிட் 1940 வாக்கில் படமெடுத்த பிள்ளைகள், முகமூடி மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார்கள். நடைபாதை முழுக்கச் சாக்பீஸால் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். விளையாட அவர்களுக்கு இருந்த இடம் அதுதான்.

மூன்றாவது அவென்யூவுக்கு மேலே தூண்களில் ஓடிய ரயில் பாதையை 1955-இல் மூடி, பிறகு இடித்தார்கள். அதன் இரும்புச் சட்டங்களின் இடுக்கு வழியே தெருவில் வரி வரியாக விழுந்துகொண்டிருந்த வெயிலும் அதோடு போயிற்று. ஃபில்டரில் கிடைக்காதவற்றில் இதுவும் ஒன்று.

கோலமாவும் ரவையும்

பிலிம் என்பது ஜெலட்டின் பூசிய பிளாஸ்டிக் சுருள். அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் தூவினாற்போலக் கிடக்கும். வெளிச்சம் பட்ட படிகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நடக்கும். பிலிமைக் கழுவும்போது டெவலப்பர் என்ற ரசாயனம், வெளிச்சம் பட்ட படிகங்களை மட்டும் கரிய வெள்ளித் துகள்களாக மாற்றும். மிச்ச உப்பை ஃபிக்ஸர் கரைத்துவிடும். எங்கே வெளிச்சம் அதிகமோ அங்கே கருப்பு அதிகம். நெகட்டிவில் வெள்ளைச் சட்டை கருப்பாகத் தெரிவது இதனால்தான்.

மொட்டை மாடியில் தூறல் போடும்போது ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்துப் பாருங்கள். வாயகன்ற அண்டாவில்தான் முதல் துளி விழ வாய்ப்பு அதிகம். படிகமும் அப்படியே. பெரிய படிகம் கொஞ்ச வெளிச்சத்திலேயே விழித்துக்கொள்ளும். இப்படிக் குறைந்த வெளிச்சத்திலும் படம் பதிகிற திறனைத்தான் பிலிமின் வேகம் என்கிறார்கள். அதை அளக்கும் எண்ணுக்கு அன்று ஏஎஸ்ஏ என்று பெயர், இன்று ஐஎஸ்ஓ.

வேகத்துக்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். நைஸ் கோலமாவில் இழுத்த கோடு வழவழவென்று வரும். அதே கோட்டை ரவையில் இழுத்தால் சொரசொரவென்று மணிமணியாகத் தெரியும். படிகம் பெரிதானால் படத்திலும் அந்த மணிமணித் தோற்றம் வரும். அதற்குப் பெயர் கிரெயின்.

இது எனக்குப் படித்து வந்த அறிவில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்தேன். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜருக்கு அடியில் ஒரு சின்ன பூதக்கண்ணாடியை வைத்து அங்கிருந்த அண்ணன் குனியச் சொன்னார். கண்ணும் மூக்கும் தெரியும் என்று பார்த்தால் வெறும் புள்ளிகள். “மூஞ்சியப் பாக்காத, புள்ளியப் பாரு. புள்ளி ஷார்ப்பா இருந்தா மூஞ்சி தானா வந்துரும்” என்றார். இன்று ஒரு ஆப்பில் ‘கிரெயின்’ என்று போட்டு வலப்பக்கம் இழுக்கிற இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரல் கேட்கும். ஆப் படத்தின்மேல் தூவுகிறது. பிலிமில் அந்தப் புள்ளிகளை எடுத்துவிட்டால் படமே இல்லை.

நிழலில் ஒரு கணக்கு

இப்போது கலர் விஷயத்துக்கு வருவோம். கோடாக்குரோம் என்ற கலர் பிலிம் ஸ்டில் கேமராக்களுக்கு 1936-லேயே வந்துவிட்டது. சால் லெய்ட்டர் நாற்பதுகளின் கடைசியிலிருந்தே நியூயார்க் தெருக்களைக் கலரில் எடுத்தவர். ஹெலன் லெவிட்டும் 1959-இல் உதவித்தொகை வாங்கிக்கொண்டு கலருக்குப் போனார். ஆக, கலர் இருந்தது. சிக்கல் வேகத்தில்.

ஐம்பதுகளின் கோடாக்குரோம் வேகம் வெறும் 10. கோடாக் கம்பெனியே 1954-இல் 35 மி.மீ. ரோலாக வெளியிட்ட டிரை-எக்ஸ் என்ற கருப்பு வெள்ளை பிலிமின் வேகம் 200. இருபது மடங்கு வித்தியாசம்.

அந்த இருபது மடங்கு தெருவில் என்ன செய்யும்? அதற்கு இரண்டு சொற்கள் போதும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம் அபெர்ச்சர். அந்த வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்று பார்த்துக்கொள்ளும் கதவு ஷட்டர். உயரமான கட்டடத்தின் நிழல் விழுந்த ஒரு நடைபாதை என்று வைத்துக்கொள்வோம். அபெர்ச்சர் எஃப் 5.6 (எஃப் எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்). கோடாக்குரோமுக்கு ஷட்டரை ஏறக்குறைய 1/10 விநாடி திறந்துவைக்க வேண்டும். டிரை-எக்ஸுக்கு 1/200 விநாடி போதும். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஒருவர் குறுக்கே நடந்துபோகிறார் என்றால், 1/10 விநாடியில் அவர் 15 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 1/200 விநாடியில் முக்கால் சென்டிமீட்டர்தான். பதினைந்து சென்டிமீட்டர் இழுபட்ட முகம் முகமாக இருக்காது.

சால் லெய்ட்டர் மட்டும் எப்படிச் சமாளித்தார் என்றால், அவர் தேடியது வேறு. பனி, ஈரக் கண்ணாடி, குடைக்குப் பின்னால் பாதி மறைந்த உருவம். கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் வேலை இல்லை.

கழுவுவதிலும் இதே கதைதான். கருப்பு வெள்ளை ரோலை வீட்டுக் குளியலறையில் கழுவிவிடலாம். கோடாக்குரோமின் ரசாயன முறை சிக்கலானது, அதற்கென்று இருந்த லேபுக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. காசில்லாத இளைஞர்களுக்கு இது பெரிய விஷயம். நியூயார்க்கில் 1936-இல் தொடங்கிய போட்டோ லீக் என்ற சங்கம் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த செலவில் வகுப்பும் டார்க் ரூமும் கொடுத்தது. 1947-இல் அமெரிக்க அரசு அதைத் தேசவிரோத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 1951-இல் சங்கமே மூடிப்போனது. ஏழைகள் வாழும் தெருவைப் படமெடுப்பதே சந்தேகத்துக்குரிய காரியமாகத் தெரிந்த காலம் அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கலர் இல்லாததால் கருப்பு வெள்ளைக்குப் போகவில்லை. நடக்கிற மனிதரை நிழலில் நிறுத்திப் பிடிக்கவும், கையில் இருக்கிற காசுக்குக் கழுவிப் பார்க்கவும் முடிந்த பிலிம் அதுதான். கிரெயின் அந்த வேகத்தோடு கூடவே வந்தது.

சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்

‘ஃபீல்’ கட்சிக்காரர்களுக்கும் கால் பங்கு நியாயம் கொடுக்க வேண்டும். கருப்பு வெள்ளை பிலிமுக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். சிவப்புப் புடவையும் பச்சைச் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளும். டைம்ஸ் ஸ்கொயர் விளம்பரப் பலகைகளின் கூச்சலெல்லாம் அப்படியே அடங்கி, கீழே நிற்கிறவரின் முகமும் தொப்பியும் முன்னால் வரும். அதனால் அன்றைய தெருப் படக்காரர்கள் நிறத்தை நம்பாமல், உருவத்தின் விளிம்பையும் நிழலையும் பார்த்துப் பழகினார்கள். என் நண்பரின் படத்தில் குறை அங்கேதான். பூக்கூடையின் மஞ்சளைப் பார்த்து எடுத்திருக்கிறார். மஞ்சளை எடுத்ததும் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஸ்லிப்பில் நிற்கிறவர்

அதிர்ஷ்டம் என்கிறவர்களிடம் ஒரு கேள்வி. கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்கிறவர் பந்து மட்டையில் பட்ட பிறகா குனிகிறார்? பந்து வருமுன்பே குனிந்து, கைகளை விரித்து, வரக்கூடிய இடத்தில் தயாராக நிற்கிறார். தெருவில் படமெடுப்பவர் செய்வதும் அதுவே.

அன்றைய கேமராவில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. முகம் எதிர்ப்பட்ட பிறகு லென்ஸைத் திருகி ஃபோகஸ் செய்தால் ஆள் போய்விடுவார். இங்கேதான் அபெர்ச்சர் இரண்டாவது வேலை செய்கிறது. துவாரம் சிறுக்கச் சிறுக்க, ஒரே ஒரு தூரம் மட்டுமல்லாமல் அதற்கு முன்னும் பின்னும் ஓர் அகலமான பட்டை தெளிவாக விழும். அந்தத் தெளிவான பட்டைக்கு ஃபோகஸ் ஆழம் என்று வைத்துக்கொள்வோம்.

35 மி.மீ. லென்ஸ் மாட்டிய, லைக்கா என்ற சின்ன கேமரா ஒன்று. அபெர்ச்சரை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை உள்ளவை எல்லாம் தெளிவாக இருக்கும். இனி லென்ஸைத் தொட வேண்டாம். அந்தப் பட்டைக்குள் மனிதர்கள் வருகிற மாதிரி நாம்தான் நடந்து நின்றுகொள்ள வேண்டும். இதற்குப் பெயர் ஸோன் ஃபோகஸ். துவாரத்தைச் சிறிதாக்க வெளிச்சம் வேண்டும், அல்லது வேகமான பிலிம் வேண்டும். ஆக, இதிலும் கலர் பிலிமுக்குத்தான் அடி.

ஆள் கவனிக்காமல் எடுக்க ஆளுக்கொரு உபாயம். ஹெலன் லெவிட் தன் லைக்காவில் பக்கவாட்டில் பார்க்கும் ஒரு கண்ணாடிக் கருவியை மாட்டியிருந்தார். அவர் ஒரு திசையில் நிற்பார், கேமரா இன்னொரு திசையைப் பார்க்கும். வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் எட்டிப்பார்க்க, எதிர் இருக்கை முகங்களை எடுத்தார். சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மேயர் கையில் ரோலிஃபிளெக்ஸ். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்கிற கேமரா அது. எதிரே இருப்பவருக்கு இந்த அம்மாள் தன்னைப் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றும். தாழ்விலிருந்து எடுப்பதால் படத்தில் மனிதர்கள் நிமிர்ந்து, கொஞ்சம் பெரிய மனிதர்களாகவே தெரிவார்கள்.

டார்க் ரூமில் இரண்டாவது படம்

நெகட்டிவ் வழியாக என்லார்ஜரின் விளக்கு ரசாயனம் பூசிய தாளில் விழும். அந்தத் தாளை டெவலப்பர் டிரேயில் போட்டு, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில விநாடிகள் அது வெறும் வெள்ளைத்தாள். பிறகு தொப்பியின் நிழல், கோட்டின் காலர் என்று கரிய பகுதிகள் எழும்பும். முகம் கடைசியில்தான் வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

இங்கே முடிவெடுக்க நிறைய இருக்கிறது. தோசை ஒரு பக்கம் முறுகலாக வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைக் கல்லில் இன்னும் கொஞ்சம் விடுவோமல்லவா? அதுபோல, படத்தில் ஒரு மூலை கறுக்க வேண்டுமானால் அங்கே மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் காட்டுவது பர்னிங். ஓர் இடம் வெளுக்க வேண்டுமானால் கையாலோ அட்டையாலோ அங்கே நிழல் பிடிப்பது டாட்ஜிங். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது கான்ட்ராஸ்ட். அதைத் தாளின் வகையை மாற்றிக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரே நகரம், ஒரே காலம், ஆனால் இரண்டு பேர் போட்ட பிரிண்ட் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு வில்லியம் க்ளைனையும் ராய் டிகராவாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாரிஸில் வாழ்ந்த நியூயார்க்காரரான க்ளைன், 1954-55-இல் ஊர் திரும்பி எடுத்த படங்களில் கருப்பு அடுப்புக்கரி, வெள்ளை சுண்ணாம்பு. கிரெயின் வெடித்து, முகங்கள் கலங்கி, பத்திரிகையில் மட்டமாக அச்சான படம்போலவே வேண்டுமென்று போட்டவை. அமெரிக்கப் பதிப்பாளர்கள் கைவிரித்துவிட, 1956-இல் புத்தகம் பாரிஸில்தான் வந்தது.

டிகராவா 1919-இல் ஹார்லெமில் பிறந்தவர். கலைஞர்களுக்குத் தரப்படும் குகன்ஹைம் உதவித்தொகையைப் பெற்ற முதல் கருப்பினப் புகைப்படக்காரர், 1952-இல். 1953-இல் அவர் எடுத்த ஒரு படம்: குடியிருப்புக் கட்டடத்தின் நடைவழி. ஆள் இல்லை. மேலே மங்கலான வெளிச்சம், இரண்டு பக்கமும் நெருக்கும் சுவர். அவ்வளவுதான். அவசரமாகப் பார்த்தால் படம் சரியாக விழவில்லை என்று தோன்றும். அரை நிமிடம் நின்று பார்த்தால் அந்த இருட்டுக்குள் நாலைந்து விதமான சாம்பல் ஒவ்வொன்றாகப் பிரியும். அவர் பிரிண்டுகளில் முழு வெள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருட்டை வெளுக்க வைத்து நமக்கு வசதி செய்து தர அவர் ஒப்பவில்லை. இருவரில் எனக்கு டிகராவாதான். ஃபோன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு அவர் படம் தெரியவே தெரியாது.

27,000-இல் 83

ஒரு 35 மி.மீ. ரோலில் 36 ஃபிரேம். கழுவிய நெகட்டிவ் பட்டைகளை வெட்டி, ஒரே தாளின்மேல் நேராகப் பரப்பிப் பிரிண்ட் போட்டால் தபால்தலை அளவில் 36 படமும் ஒரே தாளில் வரும். அதுதான் கான்டாக்ட் ஷீட். அதில் எது படம், எது படமில்லை என்று சிவப்பு மெழுகுப் பென்சிலால் சுழிப்பார்கள்.

சுவிட்சர்லாந்தில் பிறந்து 1947-இல் அமெரிக்கா வந்த ராபர்ட் ஃபிராங்க், 1955-56-இல் குகன்ஹைம் உதவித்தொகையில் நாடு முழுக்கக் காரில் சுற்றினார். ஆர்கன்சாவில் போலீஸ் பிடித்து உட்கார வைத்தது; வெளிநாட்டு உச்சரிப்பு, காருக்குள் கேமராக்கள், அது போதாதா. மொத்தம் 767 ரோல், 27,000-க்கு மேல் ஃபிரேம். அதிலிருந்து சுமார் ஆயிரம் பிரிண்ட் போட்டு, பரப்பிப் பார்த்து, கழித்து, கடைசியில் புத்தகத்தில் வைத்தது 83. முந்நூறுக்கு மேல் எடுத்தால் ஒன்று.

அந்த 83-இல் ஒன்று 1955 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த டிராம் வண்டி. நேர் பக்கவாட்டில் ஜன்னல் வரிசை. முதல் ஜன்னலில் ஒருவர், கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. அடுத்ததில் முறைத்துப் பார்க்கும் வெள்ளைக்காரப் பெண். நடுவில் இரண்டு வெள்ளைக் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கருப்பர், வெளியே கை போட்டபடி நேராக நம்மைப் பார்க்கிறார். கடைசியில் ஒரு கருப்பினப் பெண். வெள்ளையர் முன்னால், கருப்பர் பின்னால். அன்றைய சட்டம் அப்படி. ஜன்னல்களைப் பிரிக்கும் வெளிறிய சட்டங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனிக் கூண்டில் அடைத்ததுபோலத் தெரியும். படத்தில் ஒன்றுமே ‘நடக்கவில்லை’. சில வாரங்களுக்குள், டிசம்பர் 1-ஆம் தேதி, அலபாமாவின் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கருப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானார். அது நடக்கும் என்று ஃபிராங்க்குக்குத் தெரியாது. ஆனால் எந்த ஃபிரேமைச் சுழிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஆக, அதிர்ஷ்டத்துக்கும் இடம் உண்டு. அதற்கு முன்னால் தயாராக நிற்பதும், பின்னால் முந்நூறைக் கழிப்பதும் உண்டு. பிறர் கண்ணில் படுவது நடுவிலுள்ள ‘கிளிக்’ மட்டும்.

கொஞ்சம் நடிப்பும் உண்டு

ஸ்ட்ரீட் போட்டோகிராபிக்கு மேலே சொன்ன விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். க்ளைனின் புகழ்பெற்ற படம் ஒன்றில் ஒரு சிறுவன் துப்பாக்கியை நம் முகத்துக்கு நேரே நீட்டி உறுமுகிறான். பொம்மைத் துப்பாக்கி. ‘முரட்டுத்தனமாக முறை’ என்று சொன்னதே க்ளைன்தான். இதைச் சேர்ப்பதா கூடாதா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். நான் சேர்ப்பேன், அந்த முறைப்பு க்ளைன் கற்றுக்கொடுத்து வந்ததில்லை.

கழுவாத ரோல்கள்

நியூயார்க் தெருக்களில் ஐம்பதுகளில் ஆரம்பித்த கேரி வினோகிராண்ட், எடுத்த ரோலை உடனே கழுவ மாட்டார். ஒரு வருடம்கூடப் போட்டு வைப்பார். எடுத்தபோது இருந்த சந்தோஷம் மறந்தால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவர் கணக்கு. 1984-இல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல் கழுவாமலே கிடந்தது.

விவியன் மேயர் கதை இன்னும் ஒரு படி மேலே. 2007-இல் வாடகை பாக்கிக்காக அவருடைய பெட்டிகள் ஏலத்தில் போயின. உள்ளே ஒரு லட்சத்துக்கு மேல் நெகட்டிவ்; நூற்றுக்கணக்கான ரோல்கள் கழுவக்கூட இல்லை. 2009-இல் அவர் இறந்தார். உலகம் அவர் படங்களைப் பார்த்துக் கொண்டாடியதெல்லாம் அதற்குப் பிறகு. அவர் தானே பிரிண்ட் போட்டது அந்தக் குவியலில் ஒரு சிறு பங்குதான். இன்று கண்காட்சிச் சுவரில் தொங்கும் மேயர் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவர். சுழித்தது வேறொருவர், எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெள்ளை என்று டார்க் ரூமில் முடிவு செய்ததும் வேறொருவர். அவர் இருந்திருந்தால் எந்த ஃபிரேமுக்குச் சிவப்புப் பென்சிலை எடுத்திருப்பார் என்று அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கும்போது யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.